விலை சொல்லாத கடை

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் தலைநகரான ஆஸ்டினில் 2013ஆம் வருஷத்தில் ஒரு விசித்திரமான கடை இருந்தது. பழக்கத்தினால் நாம் அதைக் கடை என்று சொல்லுகிறோம். சட்டப்படி அது கடை அன்று. வெறும் காட்சிக் கூடம். உள்ளே ஒரு மோட்டார் வண்டி நிற்கும். பெட்ரோல் வேண்டாமல் மின்சாரத்தால் ஓடும் வண்டி. பக்கத்தில் நிற்கும் சிப்பந்தி அதன் குணாதிசயங்களைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். பாட்டரி எங்கே இருக்கிறது என்று காட்டுவார். கதவைத் திறந்து உட்காரச் சொல்லுவார். "இதன் விலை என்ன?" என்று கேட்டுவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். "கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாமா?" என்றாலும் முடியாது. "எனக்கு ஒரு வண்டி வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்பவரிடம் ஆர்டர் வாங்குவதோ எல்லாவற்றிலும் பெரிய குற்றம்.

நம் ஊர்ப் புடவைக் கடைக்காரர் ஒருவரிடம், "ஐயா, சரிகையை வர்ணியும், முந்தானையை விரித்துக் காட்டும், ஆனால் விலையை மட்டும் சொல்லாதேயும்" என்று சர்க்கார் உத்தரவு போட்டால் அவர் என்ன பாடு படுவார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சுதந்திர வியாபாரத்துக்குப் பேர்போன தேசத்தில், அதிலும் சர்க்கார் தலையீடு என்றாலே முகம் சுளிக்கும் டெக்ஸாஸில், இப்படி ஒரு சட்டம் எவ்வாறு வந்தது? அந்த வண்டியைச் செய்த டெஸ்லா கம்பெனிக்கு வண்டியை விற்கும் லைஸென்ஸ் கிடைக்கவில்லை. தான் செய்த பொருளைத் தானே விற்க அதற்கு உரிமை இல்லை என்றது சட்டம். ஒன்றல்ல, பல ராஜ்யங்களில் இதே விவகாரம் எழுந்தது. கோர்ட்டுகளிலும் சட்டசபைகளிலும் லைஸென்ஸ் ஆபீஸ்களிலுமாகப் பத்து வருஷங்களுக்கு மேல் நடந்த இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது முதற்பார்வைக்குத் தோன்றுவது போல அவ்வளவு சுலபமான கேள்வி அல்ல. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நூறு வருஷம் பின்னே போக வேண்டும்.

அமெரிக்காவில் புது மோட்டார் வண்டி வாங்க விரும்புகிறவர் அதைச் செய்யும் கம்பெனியிடம் நேரே போவதில்லை. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட டீலர் என்னும் வியாபாரியிடம் போகிறார். நம் ஊரிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நம் ஊரில் அது வழக்கம். அங்கே பல ராஜ்யங்களில் அது சட்டம். (2025 ஜூலையில் பம்பாயில் இதே டெஸ்லா கம்பெனி தன் சொந்தக் கடையைத் திறந்தபோது, விலையைச் சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.)

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு இரு தரப்பாருக்கும் வசதியாக இருந்தது. கம்பெனிகளிடம் ஊருக்கு ஊர் கடை வைக்கப் பணம் இல்லை. உள்ளூர் வியாபாரிகள் தங்கள் பணத்தைப் போட்டுக் கட்டிடம் எழுப்பி, வண்டிகளை ரொக்கம் கொடுத்து வாங்கி விற்றார்கள். கம்பெனிகள் மலைபோல் வளர்ந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. 1920ஆம் வருஷக் கடைசியில் வியாபாரம் படுத்துவிட்டது. வண்டி வாங்க ஆள் இல்லை. ஹென்றி போர்டுக்கோ பாங்கிக் கடன் தலைக்கு மேல் நின்றது. பாங்கிக்காரர்களிடம் கைநீட்ட அவருக்குப் பிடிக்காது. அவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். டீலர்கள் கேட்காமலே வண்டிகளை ரெயிலில் ஏற்றி அவர்களுக்கு அனுப்பினார். வந்த சரக்குக்கு ரொக்கம் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் டீலர் உரிமை போய்விடும். டீலர்கள் உள்ளூர்ப் பாங்கிகளில் கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள். போர்டின் கடன் இவ்விதமாக ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளின் கடனாக மாறிற்று! இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டி எழுதியவர்களும் உண்டு. வேறு பெயரும் சொல்லலாம் என்பது நமது கருத்து.

1929இல் தொடங்கிய பெரு மந்தத்தில் இந்த வழக்கம் மீண்டும் தலையெடுத்தது. இருபது வருஷம் உழைத்து ஊரில் பெயர் சம்பாதித்த வியாபாரியின் ஒப்பந்தத்தை ஒரே கடிதத்தில் ரத்து செய்யக் கம்பெனியால் முடிந்தது. டிட்ராய்ட் நகரத்து முதலாளிகளின் முன் டீலர்கள் எறும்புகள்தாம். இந்த அக்கிரமத்தைத் தடுக்க 1937இல் விஸ்கான்ஸின் ராஜ்யம் முதன்முதலாக ஒரு சட்டம் செய்தது. வண்டி செய்யும் கம்பெனிகளும் ராஜ்யத்தில் லைஸென்ஸ் பெற வேண்டும். டீலரை அநியாயமாக நெருக்கினால் அந்த லைஸென்ஸ் போய்விடும். மற்ற ராஜ்யங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. 1956இல் மத்திய காங்கிரஸும் டீலர்களுக்குக் கோர்ட்டு ஏறும் உரிமையை அளித்து ஒரு சட்டம் செய்தது. இப்படிப்பட்ட ராஜ்யச் சட்டங்கள் அரசியல் சாஸனத்துக்கு முரணானவை அல்ல என்று 1978இல், கலிபோர்னியாவிலிருந்து வந்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று.

இந்தச் சட்டங்களில் நாளடைவில் இன்னொரு ஷரத்தும் சேர்ந்தது. டீலர் கடை வைத்திருக்கும் ஊரிலேயே கம்பெனி தானும் ஒரு கடை திறந்து, அடக்க விலைக்கு விற்றால் டீலரின் கதி என்ன? ஆகவே வண்டி செய்யும் கம்பெனி சில்லறையாக விற்கக் கூடாது, டீலர் கடைக்குச் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது என்று பல ராஜ்யங்கள் தடை போட்டன. யானைக்குப் பயந்து எறும்புக்குக் கட்டிய வேலி அது.

இந்த வேலிக்கு முன்னேதான் 2003ஆம் வருஷத்தில் பிறந்த டெஸ்லா வந்து நின்றது. மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்ப்பெனிங் என்ற இரண்டு இன்ஜினீயர்கள் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி அது. அடுத்த வருஷம் ஈலான் மஸ்க் பணம் போட்டுச் சேர்ந்தார். 2008இல் வெளிவந்த முதல் வண்டியில் மொத்தம் விற்றது சுமார் 2,450தான். ஒரு தடவைக்கு மேல் திவாலின் விளிம்புவரை போய் மீண்டது. 2012இல் மாடல் எஸ் வண்டி வந்த பிறகும், 2013ஆம் வருஷம் முழுவதும் உலகம் பூராவும் அது விற்றவை ஏறக்குறைய 22,000. அதே வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் விற்ற புது வண்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல்! இன்று டெஸ்லாவைச் சிறிய கம்பெனி என்று யாரும் சொல்ல முடியாது. 2023இல் அது சுமார் 18 லட்சம் வண்டிகளை விற்றது. அதன் தலைவரின் பேச்சையும் போக்கையும் பற்றி நேயர்களுக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கக் கூடும். அவற்றை இந்த விவகாரத்தில் கலக்காமல் இருப்பது நல்லது. லைஸென்ஸ் சண்டை தொடங்கிய காலத்தில் அது சிறிய கம்பெனி. அவ்வளவே நமக்கு இங்கே வேண்டியது.

டெஸ்லா டீலர்களை ஏன் நியமித்துக்கொள்ளவில்லை? அது சொன்ன காரணம் எளியது. டீலர் கடையில் நூறு பெட்ரோல் வண்டிகள் நிற்கும். மூலையில் ஒரு மின்சார வண்டி நிற்கும். மின்சார வண்டியின் மேன்மையைச் சொல்ல வேண்டுமானால் பெட்ரோல் வண்டியின் குறையைச் சொல்லியாக வேண்டும். எந்த வியாபாரி தன் சொந்தச் சரக்கைக் குறை சொல்லுவான்? தவிர, டீலருக்கு லாபத்தின் பெரும்பகுதி வருவது வண்டி விற்பதிலிருந்து அல்ல. பிறகு செய்யும் ரிப்பேரிலிருந்து. எண்ணெய் மாற்ற வேண்டாத, பாதி உறுப்புகள் இல்லாத வண்டியை அவர் ஆசையோடு விற்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகையால் ஜனங்கள் கூடும் பெரிய கடைவீதி மாளிகைகளில் சொந்தக் கடை வைத்து, ஆர்டரைக் கம்ப்யூட்டர் மூலம் வாங்கி, வண்டியை வீட்டுக்கே அனுப்புவது என்று முடிவு செய்தது.

டீலர்கள் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் நேட்டிக் என்ற ஊரில் டெஸ்லா கடை வைத்ததும், 2012இல் அந்த ராஜ்யத்து டீலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நியூயார்க்கிலும் அவ்வாறே. வர்ஜீனியாவில் லைஸென்ஸ் மறுக்கப்பட்டு, 2013 முடிவில் ஒரே ஒரு கடைக்கு அனுமதி என்று ராஜி ஏற்பட்டது. வட கரோலினாவில் கம்ப்யூட்டர் மூலம் விற்பதையும் தடுக்கும் மசோதா ஒன்று மேல்சபையில் நிறைவேறிக் கீழ்ச்சபையில் முடங்கிப் போயிற்று. நியூ ஜெர்ஸியில் நடந்ததுதான் இவற்றில் எல்லாம் வேடிக்கை. அங்கே சட்டசபை கூடவில்லை, கோர்ட்டும் கூடவில்லை. 2014 மார்ச் 11ந் தேதி மோட்டார் வண்டிக் கமிஷன் என்ற சர்க்கார் இலாகா ஒரு விதியை நிறைவேற்றிற்று. இனி ஒரு கம்பெனியோடு டீலர் ஒப்பந்தம் இருப்பவருக்குத்தான் விற்பனை லைஸென்ஸ் என்பது அந்த விதி. டெஸ்லா தன்னோடு தானே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியுமா? ஏற்கெனவே லைஸென்ஸோடு நடந்துகொண்டிருந்த இரண்டு கடைகள் சில வாரங்களில் விலை சொல்லாத கடைகள் ஆயின. எழுபதுக்கு மேற்பட்ட பொருளாதார, சட்டப் பேராசிரியர்கள் சேர்ந்து கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மறு வருஷம் மார்ச்சில் சட்டசபையே புதுச் சட்டம் செய்து நான்கு கடைகளுக்கு அனுமதி கொடுத்தது.

டீலர்கள் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். "எங்கள் மூலதனம் நிலத்திலும் கட்டிடத்திலும் போயிருக்கிறது. நாங்கள் உள்ளூரில் வரி கட்டுகிறோம், உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை கொடுக்கிறோம். கம்பெனி நாளைக்குத் திவாலாகிவிட்டால் வண்டி வாங்கினவர் யாரிடம் போய் முட்டிக்கொள்வார்?" என்று அவர்கள் கேட்டார்கள். இது வெறும் பேச்சல்ல. 2009இல் கிரைஸ்லர் கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போனபோது 789 டீலர்களின் ஒப்பந்தங்களை ஒரேயடியாக ரத்து செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஆயிரத்துக்கு மேற்பட்ட டீலர்களைக் கழித்துக் கட்டிற்று. மூன்று தலைமுறையாக நடந்துவந்த கடைகள் மூடப்பட்டன. அந்தப் புண் ஆறுமுன்னே டெஸ்லா வந்தது. பயந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களுக்குத் தீங்கு செய்தது கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும். டெஸ்லாவோ எந்த டீலருக்கும் வாக்குக் கொடுத்ததுமில்லை, கொடுத்த வாக்கை மீறியதுமில்லை.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னது மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் உச்ச நீதி ஸ்தலம். 2014 செப்டம்பரில் அது அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான்: டீலர் சட்டம் ஏற்பட்டது டீலர்களை அவரவர் கம்பெனிகளின் அநீதியிலிருந்து காப்பாற்றுவதற்காக. தங்களோடு எவ்வித ஒப்பந்தமும் இல்லாத வேறொரு கம்பெனியின் போட்டியிலிருந்து காப்பாற்றுவதற்காக அல்ல. ஆகவே டெஸ்லாமேல் வழக்குத் தொடுக்க இந்த டீலர்களுக்குப் பாத்தியதை இல்லை.

ஒரு மாதம் கழித்து மிச்சிகன் ராஜ்யத்தில் இதற்கு நேர்மாறான காரியம் நடந்தது. மிச்சிகன் என்றால் டிட்ராய்ட். டிட்ராய்ட் என்றால் மோட்டார் வண்டி. அங்கே பழைய சட்டத்தில், ஒரு கம்பெனி ‘தன் டீலர்கள்’ மூலமாக அன்றி வேறு விதமாகச் சில்லறை விற்பனை செய்யக் கூடாது என்ற கருத்தில் ஒரு வாசகம் இருந்தது. ‘தன்’ என்றால் யார்? டீலர்களை நியமித்துக்கொண்ட கம்பெனி என்றுதானே பொருள் கொள்ள வேண்டும்? டீலரே இல்லாத கம்பெனிக்குத் ‘தன் டீலர்’ என்ற சொல்லே பொருந்தாது. ஆகவே அதற்குத் தடையும் இல்லை என்று வாதிக்க இடம் இருந்தது. நம் இலக்கணத்தில் தற்சுட்டுப் பெயர் என்கிறோமே, அந்தச் சிறு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு கம்பெனியின் பிழைப்பு.

2014இல் டீலர்கள் வாங்கும் தஸ்தாவேஜுக் கட்டணம் பற்றி ஒரு சாதாரண மசோதா சட்டசபைக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில் அதில் ஒரு திருத்தம் நுழைந்தது. திருத்தம் செய்தது என்னவென்றால், பழைய வாசகத்திலிருந்து ‘தன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. இப்போது வாசகம் ‘டீலர்கள் மூலமாக அன்றி’ என்று ஆயிற்று. தன் டீலரோ பிறன் டீலரோ, யாராவது ஒரு டீலர் இல்லாமல் எவரும் விற்க முடியாது! மேல்சபையில் ஒருவர்கூட எதிர்த்து வோட்டுப் போடவில்லை. கீழ்ச்சபையில் ஒரே ஒருவர் எதிர்த்தார். அக்டோபர் 21ந் தேதி கவர்னர் ரிக் ஸ்னைடர் கையெழுத்திட்டார். பழைய சட்டத்தின் கருத்தை இது மாற்றவில்லை, தெளிவாக்குகிறது என்பது அவர் கொடுத்த சமாதானம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் வாக்கியத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, "பொருள் மாறவில்லை, ஐயா" என்று சொன்னால் நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை.

இதில் இன்னும் ஆச்சரியம், இந்த மசோதாவை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஆதரித்ததுதான். எந்த யானைக்காக வேலி கட்டினார்களோ, அதே யானை இப்போது வேலிக்குக் காவல் நின்றது. எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. அதே வருஷம் ஒஹையோ கவர்னருக்கும் அது டெஸ்லாவை எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தது. டீலர்களும் கம்பெனிகளும் ஐம்பது வருஷச் சண்டையை மறந்து கைகோத்து நின்ற காட்சி, சிறு வியாபாரியைக் காக்க 1937இல் சட்டம் செய்த விஸ்கான்ஸின்காரர்கள் கனவிலும் கண்டிராதது.

டெஸ்லா 2016இல் மிச்சிகனில் லைஸென்ஸுக்கு மனுப் போட்டு, மறுக்கப்பட்டு, மத்திய கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. அதுவரையிலும் பிறகும், மிச்சிகன்வாசி ஒருவர் டெஸ்லா வண்டி வாங்கினால், ரிப்பேருக்கு அடுத்த ராஜ்யத்துக்குத்தான் ஓட்டிப்போக வேண்டும். மோட்டார் வண்டி பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற ராஜ்யத்திலே இந்தக் கதி! 2020 ஜனவரியில் ராஜி ஏற்பட்டது. சட்டம் மாறவில்லை. வேறொரு பெயரில் துணைக் கம்பெனி வைத்து ரிப்பேர் செய்யலாம். மிச்சிகன்வாசிகளுக்கு வண்டியும் விற்கலாம். ஆனால் உரிமைப் பத்திரம் வெளி ராஜ்யத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இத்தகைய கண்ணாமூச்சி வேறு இடங்களிலும் நடந்தது. நியூ மெக்ஸிகோவில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ராஜ்யத்துக்குள்ளே பூர்வ குடிகளுக்குச் சுயாட்சி உள்ள நிலங்கள் இருக்கின்றன. அங்கே ராஜ்யத்தின் டீலர் சட்டம் செல்லாது. 2021 செப்டம்பரில் ஸான்டா பேக்கு வடக்கே நம்பே என்ற பூர்வ குடியினரின் நிலத்தில், மூடிக் கிடந்த ஒரு சூதாட்ட விடுதியைப் புதுப்பித்து டெஸ்லா கடை திறந்தது. தங்கள் நிலத்தைப் பறித்தவர்களின் சட்டத்திலிருந்து தப்ப, அந்த நிலத்தில் மிஞ்சியதை நாடி ஒரு மோட்டார் கம்பெனி வந்ததைக் கண்டு அந்தக் குடியினர் என்ன நினைத்தார்களோ! டெக்ஸாஸின் கதை இன்னும் வேடிக்கை. டெஸ்லா தன் தலைமை ஆபீஸை 2021இல் ஆஸ்டினுக்கே மாற்றி, 2022இல் அங்கே பிரம்மாண்டமான தொழிற்சாலையையும் திறந்தது. அப்போதும் டெக்ஸாஸ் சட்டம் அசையவில்லை. அங்கே செய்யலாம், அங்கே விற்கக் கூடாது.

ராஜி ஏற்பட்ட ராஜ்யங்களில் அது பெரும்பாலும் எண்ணிக்கையாகவே முடிந்தது. நியூயார்க்கில் ஐந்து கடை, ஒஹையோவில் மூன்று, ஜார்ஜியாவில் ஐந்து. கோயில் பிரசாதத்தை அளந்து கொடுப்பது போலக் கடைகளை அளந்து கொடுத்தார்கள். கொலராடோ 2020இல் மின்சார வண்டி செய்யும் எந்தக் கம்பெனியும், டீலர்கள் இல்லாததாயின், நேராக விற்கலாம் என்று தாராளமாகக் கதவைத் திறந்தது. 2023இல் டெலவேர் ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டும் மாஸசூஸெட்ஸ் தீர்ப்பின் வழியே போய் டெஸ்லா பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் நியூயார்க், ஒஹையோ ராஜிகளில் ஒரு சூட்சுமம் இருந்தது. அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. விதிவிலக்கு 2014இல் லைஸென்ஸ் வைத்திருந்த கம்பெனிக்கு மாத்திரம். அதாவது டெஸ்லாவுக்கு மாத்திரம். அதன் பின்னே வருகிறவர்களுக்கு வேலி முன்னைவிட உயரமாயிற்று. பின்னே வந்தவர்களும் இருந்தார்கள். 2009இல் தொடங்கிய ரிவியன் என்ற கம்பெனி 2021இல்தான் முதல் வண்டியை வாங்கினவர் கையில் கொடுத்தது. லூஸிட் என்ற மற்றொரு கம்பெனியும் அதே வருஷத்தில் சந்தைக்கு வந்தது. அது 2022இல் டெக்ஸாஸ் மேல் வழக்குத் தொடுத்துத் தோற்றது. ரிவியன் 2025 ஆகஸ்டில் ஒஹையோவின் மோட்டார் வண்டி இலாகா மேல் மத்திய கோர்ட்டில் வழக்குப் போட்டது. பெரிய கம்பெனியாகிவிட்ட டெஸ்லா அந்த ராஜ்யத்தில் சொந்தக் கடைகளில் விலை சொல்லி விற்றுக்கொண்டிருக்கையில், தனக்கு மட்டும் லைஸென்ஸ் மறுப்பது என்ன நியாயம் என்பது அதன் கேள்வி. ஒஹையோவில் உள்ள ஒருவர் ரிவியன் வண்டி வாங்க வேண்டுமானால் வெளி ராஜ்யத்திலிருந்து அதை வரவழைத்துக்கொள்ளலாம் என்றும், அதைச் சட்டம் தடுக்கவில்லை என்றும் அந்த மனுவிலேயே எடுத்துக் காட்டப்பட்டிருந்தது.